இலவச அழகும் சொந்தச் சதையும்

2018 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் மார்பக அறுவை சிகிச்சைக்கென்று ஒரு கிளினிக் தொடங்கினார்கள். பெரிதாக்குவது, சிறிதாக்குவது, எல்லாம் இலவசம். ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார். அரசு செய்யாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழியில் போயோ செய்துகொள்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பொது சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் எளங்கோ இதை ஏற்கவில்லை. உயிர் காக்கும் வேலையில் பெயர் வாங்கிய மாநிலம் இப்போது அழகு பக்கம் திரும்புவது வருத்தம் தருகிறது என்றார். விஷயம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது. நம்ம ஊர் வாட்ஸாப்பில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அடுத்து இது.

அந்தச் செய்திகளில் ஒரு வரி உண்டு. இந்தத் துறை அதுவரைக்கும் புற்றுநோயால் மார்பகம் இழந்த பெண்களுக்கு அதைத் திரும்ப உருவாக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டிருந்தது, இப்போது மற்றவர்களுக்கும் விரிவாக்குகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை யாரும் நின்று படித்த மாதிரி தெரியவில்லை. நானும் அப்போது படிக்கவில்லை. போன வருஷம் ஆவடியில் இருக்கும் என் அக்காவுக்காகத் தேட ஆரம்பித்தபோதுதான் பழைய செய்தியைத் தோண்டி எடுத்தேன். அன்றைக்கு எழுதப்பட்டதையும், அதற்கப்புறம் தமிழில் இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். என் புகார் இதுதான்: அமைச்சரும் அவரை எதிர்த்தவர்களும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். அழகு. கொடுக்கலாம் என்றவருக்கும் அது அழகு, கூடாது என்றவருக்கும் அது அழகு. புற்றுநோய்ப் பெண்கள் அந்த வார்த்தைக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வார்த்தை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அக்காவுக்கு 52 வயது. ஒரு பக்க மார்பை முழுக்க எடுத்து, கீமோ முடித்து, கரண்ட் வைத்து (ரேடியேஷனை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள்) ஒரு வருஷம் ஆன பிறகுதான், திரும்ப உருவாக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரியவந்தது. அதுவும் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொல்லி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் இது அந்த ஒரு இடத்தின் கதை மட்டும் என்று நான் நம்பவில்லை. வீட்டில் பேச்செடுத்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "இந்த வயசுல அழகு எதுக்குடி?" அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் சொல்ல வந்தது வேறு. பிளவுஸுக்குள் வைக்கும் பஞ்சு உருண்டை ரயிலில் கூட்டத்தில் நகர்ந்துபோகிறது, ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது, வெயில் காலத்தில் அந்த இடம் வெந்துபோகிறது. அப்புறம் ராத்திரி குளிக்கும்போது கண்ணாடி இல்லாத பக்கம் திரும்பிக்கொள்வது. இதையெல்லாம் "அழகு" என்ற பெட்டியில் போட முடியாது. போட்டால் அவள் பேசுவதற்கு இடமே இல்லாமல் போகிறது.

இங்கே ஸ்டான்லி என்ற பெயரையே கொஞ்சம் பார்க்கலாம். அம்பத்தூர், பாடி, ஆவடி பக்கம் பட்டறைகளில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி வேறு காரணத்துக்காகத் தெரியும். கை. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்கே 1970களின் தொடக்கத்தில் கட்டியெழுப்பிய கை அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது. பவர் பிரஸ்ஸில் விரல் போனால், துண்டான விரலைச் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்து ஸ்டான்லிக்கு ஓடு என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். என் சித்தப்பாவின் இடது கை ஆள்காட்டி விரல் அப்படி ஒட்டியதுதான். முழுசாக மடங்காது, குளிர்ந்தால் நீலமாகும். ஆனால் இருக்கிறது.

அந்த விரலை ஒட்டும்போது என்ன செய்கிறார்கள்? மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ரத்தக் குழாயை முடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். கட்டைவிரலே போய்விட்டவனுக்குச் சில சமயம் கால் விரலை எடுத்துக் கையில் வைப்பதும் உண்டு. ஒரு இடத்திலிருந்து ரத்தக் குழாயோடு எடுத்து, இன்னொரு இடத்தில் குழாயை இணைத்து உயிரோடு வைப்பது. வயிற்றுச் சதையை எடுத்து மார்பாக்குவதும் அதே வேலை. அதே மைக்ராஸ்கோப், அதே ஊசி, பெரும்பாலும் அதே படிப்புப் படித்த டாக்டர். கால் விரலைக் கையில் வைத்ததை யாராவது அழகு சிகிச்சை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சித்தப்பாவிடம் "இந்த வயசுல விரல் எதுக்கு" என்று யாரும் கேட்கவில்லை. விரல் வேலை செய்கிறது, மார்பு வேலை செய்வதில்லை என்று ஒரு பதில் வரலாம். நியாயமான பதில்தான். ஆனால் தீயில் வெந்த முகத்துக்கும், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கும் செய்வதில் தோற்றத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அதை அழகு என்று தள்ளுவதில்லையே.

வரலாற்றிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2018 செய்திகளின் தலைப்பெல்லாம் இம்பிளாண்ட், அதாவது சிலிக்கான். மார்பக ஆபரேஷன் என்றாலே சிலிக்கான் பை என்று பதிந்துபோயிருக்கிறது. சிலிக்கான் பை முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். அதற்கு 67 வருஷம் முன்னாடியே, 1895இல், ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்ற டாக்டர், கட்டி எடுத்த பெண் ஒருத்திக்கு அவள் உடம்பிலேயே வேறு இடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்தார். 1906இல் இத்தாலியில் டான்சினி முதுகுத் தசையைத் திருப்பி முன்பக்கம் கொண்டுவந்தார். முதலில் வந்தது சொந்தச் சதைதான். நடுவில் பல காலம் அது பின்வாங்கியதற்கு ஒரு காரணம் ஹால்ஸ்டட். மார்பையும் அதன் அடித்தசையையும் சேர்த்து அகற்றும் பெரிய ஆபரேஷனை நிலைநிறுத்திய அமெரிக்கர். அந்தக் காயத்தை ஒட்டு வேலை செய்து மூடுவதை அவர் விரும்பவில்லை, நோய் திரும்பினால் மறைத்துவிடும் என்ற பயம். இந்தப் பயம் இன்றைக்கும் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது: "மேல சதைய வெச்சு மூடிட்டா உள்ள வந்தா எப்படித் தெரியும்?" பல பத்தாண்டுகளாகப் பார்த்ததில், திரும்ப உருவாக்குவதால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை என்பதுதான் மருத்துவ உலகம் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

(சுஸ்ருதர் காலத்திலேயே நம்மிடம் பிளாஸ்டிக் சர்ஜரி இருந்தது என்ற பேச்சை இங்கே எதிர்பார்ப்பீர்கள். இருந்தது. 1794இல் லண்டன் ஜென்டில்மன்ஸ் மேகஸின் வெளியிட்ட கவாஸ்ஜியின் மூக்குக் கதையும் உண்மை. நெற்றித் தோலை முழுக்க வெட்டாமல், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி திருப்பி மூக்காக வளைத்தார்கள். ரத்த ஓட்டம் அறுந்துவிடக் கூடாது என்ற அந்த அறிவுதான் முதுகுத் தசையைத் திருப்புவதற்கும் அடிப்படை. ஆனால் மேடையில் சுஸ்ருதருக்குக் கைதட்டுகிற அதே கூட்டம் அக்காவைப் பார்த்து அழகு எதுக்கு என்று கேட்கிறது. அதனால் அந்தப் பெருமையை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன்.)

இனி ஆபரேஷனையே பார்க்கலாம். தமிழ்ப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களும், மொழிபெயர்த்த கையேடுகளும் இங்கேதான் என்னை அதிகம் ஏமாற்றின. "வயிறு, முதுகு, தொடை ஆகிய பகுதிகளிலிருந்து திசு மடல் எடுத்துப் பொருத்தப்படும்" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். மடல் என்றதும் அக்கா கடுதாசி என்று நினைத்தாள். டாக்டர்கள் பேச்சில் ஃப்ளாப் என்கிறார்கள், அக்கா "சொந்தச் சதை" என்கிறாள். எனக்கு அக்காவின் சொல்தான் பிடித்திருக்கிறது.

முதுகு வழி: தோள்பட்டைக்குக் கீழே அகலமாக இருக்கும் லாட்டிசிமஸ் டார்சை தசையையும் மேலே உள்ள தோலையும் எடுத்து, அதன் ரத்தக் குழாயை வெட்டாமல், அக்குள் வழியாக முன்பக்கம் கொண்டுவருவார்கள். குழாயை வெட்டித் தைக்கும் வேலை இல்லாததால் நம்பகமானது, நேரம் குறைவு, மைக்ராஸ்கோப் வசதி இல்லாத இடத்திலும் செய்யலாம். ஆனால் முதுகில் சதை அதிகம் கிடையாது. பெரிய மார்பு என்றால் கூடவே சிலிக்கானோ, உறிஞ்சி எடுத்த கொழுப்போ சேர்க்க வேண்டிவரும். எடுத்த இடத்தில் நீர் கோர்ப்பது சகஜம், டியூபும் பையும் மாட்டிக்கொண்டு சில நாள் திரிய வேண்டும்.

வயிற்று வழியில் இரண்டு வகை. 1982இல் ஹார்ட்ராம்ஃப் எழுதிய ட்ராம் முறையில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோல், கொழுப்பு, கூடவே வயிற்றின் நேர்த்தசையும் போகும். அந்தத் தசைதான் ரத்தக் குழாயைச் சுமந்து வருகிறது. தசை போனால் வயிற்றுச் சுவர் தளரும், சிலருக்குப் புடைக்கும், சிலருக்கு ஹெர்னியா வரும். அப்புறம் 1989இல் ஜப்பானில் கோஷிமா, தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் சின்ன ரத்தக் குழாய்களை மட்டும் உருவி எடுத்தால் தசையைத் தொட வேண்டாம் என்று காட்டினார். 1994இல் அமெரிக்காவில் ஆலன் அதை மார்புக்குச் செய்த அனுபவத்தை வெளியிட்டார். டீப் ஃப்ளாப் என்கிறார்கள். தசைக்குள் ஓடும் இரண்டு மில்லிமீட்டர் குழாயை இழை இழையாகப் பிரித்து எடுத்து, நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் உள்ள குழாயோடு மைக்ராஸ்கோப்பில் தைக்க வேண்டும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகும். முதல் ரெண்டு நாள் மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து நிறம் பார்க்க வேண்டும், சூடு பார்க்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே திரும்ப தியேட்டர். கைதேர்ந்த இடங்களிலும் நூற்றில் சிலருக்கு வைத்த சதை மொத்தமாகச் செத்துப்போகும். புரோகிராமர்களுக்குச் சொல்வதானால், ட்ராம் என்பது ஒரு ஃபங்ஷன் வேண்டும் என்பதற்காக முழு லைப்ரரியையும் இழுத்து வருவது. டீப், தேவையானதை மட்டும் பிரித்தெடுப்பது. பிரித்தெடுக்கும்போது எதையாவது உடைத்துவிடும் வாய்ப்பும் அதிலேயே இருக்கிறது.

இன்னும் சில விஷயம் கையேடுகளில் இல்லாமல் அக்காவின் டாக்டர் வாயிலிருந்து தெரிந்துகொண்டேன். திரும்ப உருவாக்கிய மார்பில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. தொப்புளைச் சுற்றி வெட்டி, தோலை இழுத்துத் தைத்த பிறகு புது ஓட்டை வழியாக வெளியே எடுத்து வைப்பார்கள். மார்பில் வைத்தாலும் அது வயிற்றுக் கொழுப்புதான், உடம்பு போட்டால் அதுவும் போடும். காம்பு வேண்டுமானால் அது தனியாகப் பிற்பாடு, பச்சை குத்துவதும் அதில் சேர்த்தி. கரண்ட் வைத்த உடம்பில் சிலிக்கான் சரியாக ஒத்துழைக்காது, சுற்றி இறுகிக் கல்லாகும், அதனால் அக்கா மாதிரி ஆட்களுக்குச் சொந்தச் சதையே மேல். பழைய சிசேரியன் தழும்பு குறுக்கே கீழே இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. தொப்புளுக்குக் கீழே நெடுக்காக இருந்தால் தழும்பைத் தாண்டி மறுபக்கத்துக்கு ரத்தம் போகாது, பாதி வயிற்றைத்தான் நம்பலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படியென்றால் தமிழில் எழுதப்படும் எந்தக் கையேட்டிலும் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டாமா? நான் பார்த்த எதிலும் இல்லை.

என் பெரிய குறை இன்னொன்று. எடுத்த இடத்தில் என்ன நஷ்டம் என்பதை இந்த எழுத்துகள் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் உடம்பை வைத்துச் சொல்கின்றன. முதுகுத் தசை போனால் டென்னிஸ், நீச்சலில் சிரமம் இருக்கலாம். வயிற்றுத் தசை போனால் சிட்-அப் எடுப்பது கஷ்டம். அக்கா வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் அந்தத் தசைகள் அவளுக்கு இல்லாமலா இருக்கிறது? வயிற்றின் நேர்த்தசை, பாயில் படுத்தவள் கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும் என்றால் தேவை. லாரித் தண்ணியில் பதினைந்து லிட்டர் குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றத் தேவை. முதுகின் அந்த அகலத் தசை, மேலே உள்ளதைக் கீழே இழுக்கவும், கையை ஊன்றி உடம்பைத் தூக்கவும் இருப்பது. ஷட்டர் இழுப்பது, பஸ் கம்பியைப் பிடித்து ஏறுவது, தரையில் உட்கார்ந்தவள் கையை ஊன்றி எழுவது. ஒரு தசையை எடுத்தால் பக்கத்துத் தசைகள் பாதி வேலையை ஏற்றுக்கொள்ளும், பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் எதைச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பாவாடை நாடா எங்கே அழுத்தும், தழும்பு பிளவுஸ் பட்டிக்கு உள்ளே வருமா வெளியே தெரியுமா, எத்தனை நாள் தரையில் உட்கார முடியாது. மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் யோசித்திருந்தால் டென்னிஸை அடித்துவிட்டுக் குடத்தை எழுதியிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகை எழுத்தும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரி விளம்பரம். "மீண்டும் முழுமையான பெண்ணாக" என்ற பாணி. இதைப் படித்தால் பெரியம்மாவின் கேள்வியே தேவலை என்று தோன்றும். மார்பு இல்லாதவள் பாதிப் பெண் என்று மறைமுகமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனை விற்கிறார்கள். எதுவும் வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு, அது ஒரு குறையும் இல்லை. ஒரு மார்பைத் தானே திருகி எறிந்தவளைத் தெய்வமாக்கிய மொழி இது. கடற்கரையில் 1968இல் நாம் நிறுத்தியது என்னவோ சிலம்பைக் கையில் வைத்திருக்கும், அதற்கு முந்தைய கண்ணகியைத்தான்.

அழகு என்ற சொல்லின் பிடியில் மாட்டாத எழுத்து ஏதாவது உண்டா என்று தேடினால், கிடைத்த இடம் நான் எதிர்பார்க்காதது. மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசியில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பட்டியல். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி வாசகம் இருக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்துக் கொடுத்தது. அதில் எட்டாவது விலக்கு, அழகுக்கான அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சை. உடனேயே விலக்குக்கு விலக்கு வருகிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பு இதில் அடங்காது. ஒரே வாக்கியம். விரல் போன சித்தப்பாவையும், தீயில் வெந்தவரையும், மார்பு போன அக்காவையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிட்டது. யாரோ ஒரு குமாஸ்தா எழுதியிருக்கலாம், வக்கீல் எழுதியிருக்கலாம், 2018இல் நடந்த விவாதத்தில் பேசிய எல்லோரையும்விடத் தெளிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இதையே 1998இல் தனிச் சட்டமாகப் போட்டார்கள். மார்பை எடுப்பதற்குப் பணம் தரும் கம்பெனி, அதைத் திரும்ப உருவாக்கவும், இரண்டும் சமமாக இருக்க மறு பக்கத்தைச் சரிசெய்யவும் தர வேண்டும் என்று. நம் வாசகத்தில் மறு பக்கத்தைப் பற்றிப் பேச்சில்லை. அதோடு, விலக்கு இல்லை என்பது வேறு, டெஸ்கில் உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்திருக்கிறார் என்பது வேறு. "காஸ்மெட்டிக் சார், வராது" என்ற பதில் எங்களுக்கும் முதலில் வந்தது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து நீட்டிய பிறகு "அனுப்பிப் பார்க்கலாம்" என்று மாறியது.

இப்போது எளங்கோவின் எதிர்ப்புக்குத் திரும்ப வேண்டும். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை எளிதாகத் தாண்டிப் போகக் கூடாது. கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பெண்களுக்கு மார்பை முழுசாக எடுக்கவே வேண்டாம். கட்டியை மட்டும் எடுத்து கரண்ட் வைத்தால் உயிர்வாழ்வதில் வித்தியாசமில்லை என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் 1980களிலேயே காட்டிவிட்டன. இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தும் அதே முடிவு. இங்கே அப்படியும் முழுசாக எடுப்பது ஏன் இவ்வளவு நடக்கிறது என்றால், வருவதே தாமதமாகத்தான். அடுத்தது, வாரக்கணக்கில் தினமும் கரண்ட் வைக்க வந்துபோக முடியாது என்று நோயாளியும் டாக்டரும் சேர்ந்தே முழுசாக எடுத்துவிட முடிவு செய்வது. திருவள்ளூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தினம் சென்னைக்கு வந்துபோகும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். பணம் முதலில் அங்கே போகட்டும் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்க்கமாட்டேன்.

ஆனால் அந்த வாதத்தை அவர்கள் வைத்த விதம் தவறு. அரசு ஆஸ்பத்திரிக்கு இதில் உண்மையான செலவு எது? சிலிக்கான் என்றால் பை விலைக்கு வாங்க வேண்டிய சாமான். சொந்தச் சதை என்றால் வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நூல், ஊசி, மைக்ராஸ்கோப். ஸ்டான்லி மாதிரி இடத்தில் மைக்ராஸ்கோப்பும் இருக்கிறது, கையும் இருக்கிறது. ஐம்பது வருஷமாக அறுந்த விரல்களை ஒட்டிப் பழகிய பரம்பரை அது. போவது நேரம். ஒரு டீப் ஆபரேஷனுக்கு எட்டு மணி நேரம் தியேட்டர் போனால், அன்றைக்கு அந்த மேஜையில் செய்திருக்கக்கூடிய மூன்று நான்கு சின்ன ஆபரேஷன்கள் தள்ளிப்போகும். ராத்திரி விரலோடு ஒருவன் ஓடி வந்தால் யார் பார்ப்பது? வார்டில் மணிக்கொரு தடவை சதையின் நிறம் பார்க்க நர்ஸ் உண்டா? விவாதம் இங்கே நடந்திருக்க வேண்டும். அரசு எதில் வல்லதோ அதைவிட்டு இம்பிளாண்ட் என்ற தலைப்பைத் தூக்கிப் பிடித்தது ஏன் என்றும் கேட்டிருக்கலாம். முதுகு வழி மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும், அதை மார்பை எடுக்கும் அன்றைக்கே சேர்த்துச் செய்தால் இன்னொரு மயக்க மருந்து மிச்சம், யாருக்கு அது பொருந்தும் என்று டாக்டர்கள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அழகா உயிரா என்று கேட்டவுடன் இந்தக் கேள்வி எதுவும் வாயிலிருந்து வராது. உயிர் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம்.

அமைச்சரின் கேள்வியையும் சும்மா விடுவதற்கில்லை. ஏழைக்கு ஏன் கூடாது என்று அவர் கேட்டது, அவரைக் கிண்டல் செய்தவர்களின் எழுத்தைவிட எனக்கு மேலாகத் தெரிகிறது. நகரத்தில் காசுள்ளவர்கள் போய்ச் செய்துகொள்வதை ஏழை கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது என்பதை அவர் சரியாகத் தொட்டார். அழகும் ஒரு தேவைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வாதாடினால்கூட நான் கேட்பேன். ஆனால் ஏற்கனவே அங்கே புற்றுநோய்ப் பெண்களுக்கு நடந்துகொண்டிருந்த வேலையை முன்னால் வைத்துப் பேசியிருந்தால் பெரியம்மாவின் காதுக்கு வேறு செய்தி போயிருக்கும். மார்பை எடுக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும், எடுப்பதற்கு முன்னாடியே, "திரும்ப வைக்கவும் முடியும், இன்னின்ன வழி, இன்னின்ன நஷ்டம், வேண்டாம் என்றாலும் சரி" என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் அன்றைக்கு ஒரு உத்தரவாக வந்திருந்தால் போதும். அதற்குக் காசுகூட வேண்டாம், பத்து நிமிஷம் வேண்டும்.

அக்கா கடைசியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். சுகர் இருக்கு, ஆறுமா? சிசேரியன் தழும்பு குறுக்கே, பரவாயில்லையா? முதுகா வயிறா? எத்தனை நாள் ஆஸ்பத்திரி? அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். சுகர் கட்டுக்குள் வரட்டும், மூன்று மாச சராசரி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க என்றார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, இங்கே போதுமான அளவு இருக்கு, சிடி ஆஞ்சியோகிராம் எடுத்துக் குழாய் பார்த்துட்டு முடிவு செய்யலாம் என்றார். தாளின் கடைசியில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்கத் தயங்கி என்னைப் பார்த்தாள், அப்புறம் அவளே கேட்டாள்.

"தண்ணி குடம் எப்ப சார் தூக்கலாம்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு, வீட்டில் தண்ணி எப்படி வருது, மாடியா கீழ் வீடா, கூட யார் இருக்காங்க என்று விசாரித்தார். ரெண்டு மாசம் குடத்தைத் தொடவே வேண்டாம், அப்புறம் பாதிக் குடம், வலி இல்லேன்னா முழுசு என்றார். அக்கா அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். வரும் வழியில், மேல் வீட்டுப் பையனுக்கு மாசம் எவ்வளவு கொடுத்தால் ரெண்டு மாசம் தண்ணி ஏற்றித் தருவான் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.